கரண்ட் போனால் டேங்க் காலியாகுமா?

போன கோடையில் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் போட்டோம். கால் மணி நேரம் ஓடியிருக்கும், கரண்ட் போய்விட்டது. பாதி டேங்க் ஏறியிருக்கும், காலைக்குப் போதும் என்று படுத்துவிட்டோம். விடிந்ததும் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால்... புஸ்ஸென்று காற்று! டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பிளம்பர் வந்தார். மாடிக்குக்கூடப் போகவில்லை. நேராக மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பைப்பைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளைச் சாமானை எடுத்து நீட்டினார்.

"இதான் சார் ஆளு. ரிட்டர்ன் வால்வு. மண்ணு மாட்டி, மூடாம நின்னுடுச்சு. ஏத்தின தண்ணி பூரா வந்த வழியே போர்ல இறங்கிடுச்சு. மோட்டார்கூட ரிவர்ஸ்ல சுத்தியிருக்கும். சத்தம் கேக்கலையா?"

கேட்கவில்லை. முப்பது வருஷம் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த வால்வைக் கையில் வாங்கியதும் என்னையறியாமல், "அட, ஐ.எஃப்.1!" என்று சொல்லிவிட்டேன். பிளம்பர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் மனைவி, "அவர் அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லி அவருக்குக் காபி கொடுத்தாள்.

உங்கள் உடம்புக்குள்ளும் இந்த வால்வு இருக்கிறது. ஒன்றிரண்டு அல்ல, கோடி கோடியாக! அதன் பெயர்தான் ஐ.எஃப்.1. இந்தப் பெயரை எந்த டானிக் பாட்டிலிலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். டி.வி.யைத் திறந்தால் 'எனர்ஜி... எனர்ஜி...' என்று ஒரு பையன் மாடிப்படிகளை நாலு நாலாகத் தாவி ஏறுகிறான். பரீட்சை வந்தால் எனர்ஜி பவுடர், வயசானால் எனர்ஜி மாத்திரை, ஜிம்முக்குப் போனால் எனர்ஜி டிரிங்க். ஊற்ற ஊற்ற ஏறும் என்று நினைக்கிறோம். ஏற்றியது இறங்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசப் போகிறேன். எனக்கு அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மோட்டார். நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று குட்டிக் குட்டி அறைகள் இருக்கின்றன. இட்லியோ சப்பாத்தியோ, நீங்கள் சாப்பிட்டது கடைசியில் அங்கேதான் போய்ச் சேருகிறது. மூச்சில் இழுத்த ஆக்சிஜனும் அங்கேதான் செலவாகிறது. இரண்டும் சேர்ந்து, மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே புரோட்டான்களைத் தள்ளித் தள்ளி நெருக்கி வைக்கின்றன. நெருக்கி வைத்தால் சும்மா இருக்குமா? உள்ளே திரும்பி வரத் துடிக்கும். அந்த அழுத்தம்தான் நம் கரண்ட். இதை 1961ல் சொன்னவர் இங்கிலாந்துக்காரர் பீட்டர் மிட்சல். அப்போது நம்ப ஆளில்லை. 1978ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

திரும்பி வரும் புரோட்டான்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஏ.டி.பி. சிந்தேஸ் என்கிற என்சைம் அது. என்சைம் என்றதும் ஏதோ திரவம் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே சுற்றுகிற மோட்டார்! புரோட்டான்கள் நுழையும்போது அடியில் இருக்கிற சக்கரம் சுழலும், நடுவில் இருக்கிற அச்சு சுழலும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள் தயாராகி வெளியே வரும். தசை சுருங்க, மூளை யோசிக்க, நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்ட, எல்லாவற்றுக்கும் செல் கொடுக்கிற காசு இந்த ஏ.டி.பி.தான். இது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்ததற்காகப் பால் பாயர், ஜான் வாக்கர் இருவருக்கும் 1997ல் நோபல் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. எந்த நேரத்தில் எடை போட்டாலும் உடம்பு முழுவதும் சேர்த்து ஏ.டி.பி. நூறு கிராம் தேறினால் பெரிது. ஆனால் ஒரு நாளில் நாம் செலவழித்துத் திரும்பச் செய்துகொள்வது, ஏறக்குறைய நம் உடம்பு எடை அளவுக்கு! கையிருப்பு ஏறத்தாழ இல்லை, வரவும் செலவும் மட்டும் பிரமாண்டம். மாசக் கடைசியில் நம் வீட்டுப் பர்ஸ் மாதிரிதான். இதயத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். அது ஒரு நாளைக்கு சுமார் ஆறு கிலோ ஏ.டி.பி.யைப் புரட்டுகிறது. புதிதாகத் தயாரிக்காவிட்டால் இருப்பு சில நொடிகளுக்குத்தான் வரும்.

சரி, கரண்ட் போனால்?

இங்கேதான் வம்பு. இந்த மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றும். அதே 1997ல் ஜப்பானில் நோஜி, யோஷிடா, கினோசிடா குழுவினர் இந்த என்சைமின் தலைப்பாகத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அச்சின் முனையில் ஒளிரும் நூல் மாதிரி ஒரு புரத இழையைக் கட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இழை விசிறி மாதிரிச் சுற்றியது! உலகமே கைதட்டியது. ஆனால் அன்று அவர்கள் பார்த்தது ஏ.டி.பி.யைச் செய்கிற சுழற்சியை அல்ல. தின்கிற சுழற்சியை! ஏ.டி.பி.யை ஊற்றினார்கள், அதை உடைத்துக்கொண்டு மோட்டார் ரிவர்ஸில் சுற்றியது.

ஆக்சிஜன் வராவிட்டால் நம் செல்லுக்குள்ளும் இதுதான் நடக்கும். புரோட்டான் அழுத்தம் விழும். ஏ.டி.பி. செய்துகொண்டிருந்த அதே என்சைம், அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறேன் பேர்வழி என்று இருக்கிற கொஞ்ச நஞ்ச ஏ.டி.பி.யையும் உடைக்க ஆரம்பிக்கும். சம்பாதிக்கிற பிள்ளையே வேலை போனதும் வீட்டுச் சாமானை விற்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்!

1963ல் நியூயார்க்கில் மேனார்ட் புல்மன், மன்ராய் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு சின்னஞ்சிறு புரதத்தைக் கண்டார்கள். அதைச் சேர்த்தால் ஏ.டி.பி.யை உடைக்கிற வேலை நின்றுபோகிறது. எண்பத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள், அவ்வளவுதான் அதன் நீளம். மோட்டார் யானை என்றால் இது அங்குசம். 'தடுக்கும் காரணி எண் ஒன்று' என்ற பொருளில் சுருக்கமாக ஐ.எஃப்.1 என்று பெயர் வைத்தார்கள்.

இந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? யாரும் சொல்ல வேண்டாம். புளிப்பு சொல்லும்! ரத்தம் வராத திசுவில் அமிலம் சேரும். ஓடி மூச்சு வாங்குகிறபோது தொடைத் தசை எரிகிறதே, அந்த மாதிரி. சாதாரணமாக மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் லேசான காரத்தன்மையோடு இருக்கும். அப்போது இந்தப் புரதங்கள் நான்கு நான்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தங்கள் பிடிமானப் பகுதியை மறைத்துக்கொண்டு, ஒரு மூலையில் சும்மா கிடக்கும். அமிலம் ஏறியதும் கூட்டம் கலைந்து ஜோடி ஜோடியாகும். ஒரு ஜோடி, இரண்டு முனையாலும் இரண்டு மோட்டார்களைப் பிடிக்கும். புரதத்தின் வால் மோட்டாரின் தலைக்குள் நுழைந்து, சுழல்கிற அச்சு வரைக்கும் போய்ச் சிக்கிக்கொள்ளும். ரிவர்ஸ் நின்றுவிடும். கேம்பிரிட்ஜில் ஜான் வாக்கரின் குழு 2003ல் இந்தப் பிடியைப் படமாகவே எடுத்துக் காட்டியது. படத்தைப் பார்த்த அன்று நான் வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு இதையே ஒரு மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அது வேறு விஷயம்.

ரத்த ஓட்டம் திரும்பினால்? அமிலம் குறையும், புரோட்டான் அழுத்தம் ஏறும், மோட்டார் நேர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிக்கும், ஐ.எஃப்.1 கழன்று மறுபடி மூலைக்குப் போய்விடும். எவ்வளவு நாசூக்கான ஏற்பாடு, பாருங்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013ல் யோஷிடாவின் குழுவினர் ஐ.எஃப்.1 அறவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவை சாதாரணமாக வளர்ந்தன, குட்டியும் போட்டன! அப்படியானால் இந்த வால்வு வெட்டியா? நான் அப்படி நினைக்கவில்லை. கரண்ட் போகாத வீட்டில் ரிட்டர்ன் வால்வு கெட்டிருப்பது யாருக்குத் தெரியும்? தவிரவும், அமெரிக்காவில் வில்லியம் ரவுஸ்லின் என்பவர் 1980களிலேயே பல விலங்குகளின் இதயங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நாய், முயல் மாதிரி நிதானமாக அடிக்கிற இதயங்களில் இந்தத் தடுப்பு பலமாக இருந்தது. நிமிடத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் படபடக்கிற எலி இதயத்தில் பலவீனமாக இருந்தது. நிமிடத்துக்கு எழுபது, எண்பது தடவை அடிக்கிற நாம் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. எலியிடம் கிடைத்த பதிலை மனிதனுக்கு அப்படியே போட்டுவிடக் கூடாது. மீன் வேறு கதை சொல்கிறது. இந்தப் புரதம் பழுதான வரிக்குதிரை மீன்களுக்குக் கடுமையான ரத்தசோகை வந்ததை 2012ல் கண்டார்கள்.

அப்படியானால் ஐ.எஃப்.1ஐ அதிகமாக்க மாத்திரை வந்தால் விழுங்கலாமா என்று கேட்கிற ஆள் இந்நேரம் கிளம்பியிருப்பார். வேண்டாம் ஐயா! குடல், நுரையீரல், மார்பகப் புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் இந்தப் புரதம் அளவுக்கு மீறி இருப்பதை ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது கட்டிக்கு எப்படி உதவுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இன்னும் சண்டை. மூட வேண்டிய நேரத்தில் மூடுவதுதான் வால்வு. எப்போதும் மூடியே இருந்தால் அது அடைப்பு.

இந்த மோட்டார் விஷயத்தில் மனிதன் ஏற்கெனவே ஒரு தடவை கையை விட்டுச் சுட்டுக்கொண்டிருக்கிறான். 1933ல் அமெரிக்காவில் டைநைட்ரோஃபீனால் என்ற மருந்தை உடம்பு இளைக்கக் கொடுத்தார்கள். அது என்ன செய்யும்? மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் புரோட்டான்கள் கள்ள வழியில் ஒழுக வழி செய்யும். மோட்டார் சுற்றாது. தின்ற சாப்பாடெல்லாம் வெறும் சூடாகப் போகும். எடை குறையத்தான் செய்தது. கூடவே கண்புரை வந்தது, உடம்பு கொதித்துச் சிலர் செத்தும் போனார்கள். 1938ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஆனாலும் இன்று வரை கள்ளத்தனமாக 'கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை' என்று விற்கிறார்கள். முறிமருந்தே இல்லாத விஷம் அது. காலேஜ் போகிற பிள்ளை ஜிம்மில் யாரோ கொடுத்தார்கள் என்று லேபிள் இல்லாத மஞ்சள் மாத்திரையைக் கொண்டுவந்தால், பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இப்போது என் சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

2014, மாட்டுப் பொங்கல் ராத்திரி. அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். வடை, பாயசம், ரெண்டு வகைப் பொங்கல்... ஒரு பிடி பிடித்தாயிற்று. பதினொரு மணிக்கு அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார். "என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குடா."

"வடையை ஒரு கை பார்த்தீங்களே, கேஸா இருக்கும்ணே" என்றேன். அண்ணி ஓமவாட்டர் கொடுத்தார். நான் சோடா வாங்கிவரப் போனேன். ஏப்பம் வந்தது. "கொஞ்சம் தேவலை" என்றார். படுத்தார். ஒரு மணிக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேனை வேகமாக வைத்தோம். இடது தோள் குடைகிறது என்றார். தைலம் தேய்த்தேன். "ராத்திரி நேரத்துல எந்த டாக்டர் இருப்பார், விடியட்டும்" என்று சொன்னது யார் என்று இன்றும் எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சொன்னது நான்தான். விடிகாலை ஐந்து மணிக்கு அவர் முகம் சாம்பல் பூத்த பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

ஆறு மணி நேரம்!

அந்த ஆறு மணி நேரக் கணக்கு எனக்குத் தெரியாததா? 1977ல் ரைமர், ஜென்னிங்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்களின் இதயக் குழாயைக் கட்டிவிட்டுப் பார்த்த ஆய்வை நானே வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். குழாய் அடைத்த உடனே தசை சாவதில்லை. முதல் இருபது நிமிஷத்துக்குள் ரத்தம் திரும்பிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகு சாவு உட்புறச் சுவரிலிருந்து வெளிப்புறம் நோக்கி அலை மாதிரி மெல்ல நகரும். ஆறு மணி நேரத்தில் அலை ஏறக்குறைய கரையைத் தொட்டுவிடும். மனிதனுக்கு மனிதன் இந்த நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். திசை மாறாது.

அந்த ராத்திரி முழுக்க, அடைபட்ட குழாய்க்குக் கீழே இருந்த ஒவ்வொரு செல்லிலும் ஐ.எஃப்.1 தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். ரிவர்ஸில் சுற்றப் பார்த்த மோட்டாரைப் பிடித்து நிறுத்தி, மிச்சமிருந்த ஏ.டி.பி.யைக் காப்பாற்றி, ரத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று இழுத்துப் பிடித்துக்கொண்டு... வால்வினால் தண்ணீர் ஏற்ற முடியாது. இருக்கிறதைக் கொஞ்ச நேரம் இறங்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். இருப்பு வேறு வழிகளிலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். அது வாங்கிக் கொடுத்த நிமிஷங்களில் நான் சோடா பாட்டில் திறந்துகொண்டிருந்தேன். பயோகெமிஸ்ட்ரி புரொபசர்!

ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்து அடைப்பை எடுத்தார்கள். அண்ணன் பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்ப்பிங் முப்பத்தைந்து சதவீதம்தான் என்றார் டாக்டர். நல்ல இதயத்துக்கு ஐம்பத்தைந்து, அறுபது இருக்கும். "ராத்திரி பன்னிரண்டுக்கே வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதனால்தான் சொல்கிறேன். நெஞ்சில் வருகிற ஒவ்வொரு எரிச்சலும் ஹார்ட் அட்டாக் என்று உங்களைப் பயமுறுத்த வரவில்லை. பெரும்பாலும் அது கேஸாகவே இருக்கலாம். ஆனால் கேஸா, ஹார்ட்டா என்று கண்டுபிடிக்கிற வேலை ஓமவாட்டருடையது இல்லை. ஏப்பம் வந்து 'கொஞ்சம் தேவலை' என்பது எதையும் நிரூபிக்காது. அழுத்துகிற வலி, வேர்வை, தோள், கை, தாடைக்குப் பரவுதல், மூச்சுத் திணறல் எதுவாக இருந்தாலும் ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதி, குமட்டல், படபடப்பாகக்கூட வரும். 'அம்மாவுக்கு அடுப்படியில் நின்ற களைப்பு' என்று தள்ளிவிடுகிற பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்து வலி மட்டும் தொடர்ந்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மறுபடி எடுப்பார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள். இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நோயாளியை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகாதீர்கள். 108க்கு போன் செய்யுங்கள். 'இருபது ரூபாய் ஓமவாட்டரில் போகிறதுக்கு ஆம்புலன்ஸ் எதுக்கு, தெருவே வேடிக்கை பார்க்குமே' என்று நம் வீடுகளில் ஒரு கூச்சம் உண்டு. எனக்கும் இருந்தது. அது கேஸ் என்றே தெரிந்தாலும் நஷ்டம் என்ன? ஒரு ராத்திரித் தூக்கமும் கொஞ்சம் வெட்கமும்தானே!

இன்னொரு காரியம் இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஈ.சி.ஜி. எடுத்து, அடைப்பைக் கரைக்கவோ எடுக்கவோ வசதி உள்ள ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து வையுங்கள். அதை அந்த நேரத்தில் விசாரிக்க முடியாது. எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் அந்தப் பெயரும் போன் நம்பரும் எழுதி ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ஏதோ பால் கணக்கு என்று நினைக்கிறார்கள்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தி நாலு. மாடி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழ் வீட்டுக்கு வந்துவிட்டார். போன வாரம் போயிருந்தபோது, டேங்க் காலியான கதையைச் சொன்னேன். ரசித்துச் சிரித்தார். சிரித்து முடித்து மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"புது வால்வு என்ன விலைடா?" என்று கேட்டார்.

"எழுநூத்தம்பது ரூபாய்ண்ணே."

"பரவாயில்லையே" என்றார்.